ஆறாவது டோஸ் எங்கே ஒளிந்திருந்தது?

“கொரோனா காலத்தில் டாக்டர்களும் நர்ஸ்களும் பட்ட பாடு தெரியும். மருத்துவமனை ஃபார்மசிஸ்டுக்கு என்ன வேலை? மாத்திரையை எண்ணிக் கொடுப்பதுதானே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வென்டிலேட்டரில் இருப்பவர்களுக்கான மயக்க மருந்து கைவசம் குறைந்தபோது, மாற்று எது, எவ்வளவு என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள்தான். கொரோனாவுக்குக் கேட்கும் என்று நம்பி ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரைக்கு எல்லோரும் முண்டியடித்தபோது, அதை நம்பியிருந்த லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) நோயாளிகளுக்கென்று எடுத்து வைக்கப் போராடியவர்களும் அவர்களே. அதெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது ஒரு துளியின் கதை.

டிசம்பர் 2020. ஃபைசர் தடுப்பூசிக் குப்பிகள் மைனஸ் 70 டிகிரி வாக்கில் உறைந்த நிலையில் வந்து இறங்கின. ஒரு குப்பிக்கு ஐந்து டோஸ் என்று லேபிள் சொன்னது. உருக வைத்து, மெதுவாகப் பத்து முறை கவிழ்த்து, 1.8 மி.லி. சலைன் (உப்புநீர்) சேர்த்து, மறுபடி பத்து முறை கவிழ்க்க வேண்டும். குலுக்கக் கூடாது, தடுப்பூசியின் உயிர்நாடியான எம்ஆர்என்ஏ மூலக்கூறைப் பொதிந்திருக்கும் கொழுப்புத் துகள்கள் குலைந்துவிடும். சரி, ஐந்து பேருக்குப் போட்டாயிற்று. குப்பியைத் தூக்கிப் பார்த்தால் அடியில் இன்னும் மருந்து நிற்கிறது!

கணக்கைப் பாருங்கள். குப்பிக்குள் முதலில் 0.45 மி.லி. மருந்து. சலைனோடு சேர்த்து 2.25. ஒரு டோஸ் 0.3. அப்படியானால் ஏழு பேருக்கே வர வேண்டுமே? இங்கேதான் சிரிஞ்சின் குட்டு வெளிப்படுகிறது. பிஸ்டனைக் கடைசிவரை அழுத்தினாலும் ஊசிக்குள்ளும் அது பொருந்தும் கழுத்திலும் கொஞ்சம் மருந்து தங்கிவிடும். அது யார் உடம்புக்கும் போகாது. ஆனால் ஒவ்வொரு முறையும் குப்பியிலிருந்து உறிஞ்சப்படும். சாதாரண சிரிஞ்சில் 0.08 மி.லி. தங்குவதாக வைத்துக்கொள்வோம். 0.3 போட 0.38 எடுக்க வேண்டும். ஐந்து டோஸுக்கு 1.9. மிச்சம் 0.35. கண்ணுக்கு முழு டோஸ், சிரிஞ்சுக்குப் பற்றாக்குறை!

மருந்து தங்கும் இந்த இடுக்கைக் குறைத்துச் செய்த சிரிஞ்சில் தங்குவது 0.035 மி.லி.க்குள்தான். ஆறு டோஸுக்கு 2.01 போதும். ஏழாவதுக்கு 2.35 வேண்டும், அவ்வளவு கிடையாது. ஃபார்மசிஸ்டுகள் இதைக் கவனித்துச் சொல்ல, கிடைக்கும் முழு டோஸ் ஒவ்வொன்றையும் போடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அந்த மாதமே அனுமதித்தது. ஜனவரி 2021இல் லேபிளிலேயே ஆறு என்று மாறியது. ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் தடுப்பூசி, புதிதாக ஒரு சொட்டுகூடத் தயாரிக்காமல்!

இந்த வகைச் சிரிஞ்ச் கொரோனாவுக்காகப் பிறந்ததல்ல. போதை ஊசியைப் பகிர்ந்துகொள்பவர்களிடையே எச்ஐவி பரவுவதை ஆராய்ந்தவர்கள், அந்த இடுக்கில் தங்கும் ரத்தத்தின் அளவை அளந்து வைத்திருந்தார்கள். இடுக்கு குறைந்த சிரிஞ்சுகளை அவர்களுக்குக் கொடுக்கும்படி உலக சுகாதார நிறுவனம் 2012லேயே பரிந்துரைத்தது. ‘போதைக்காரர்களுக்கு எதற்கு ஆராய்ச்சிப் பணம்’ என்று கேட்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம், ஆறும் எடுத்தபின் 0.24 மி.லி. மிஞ்சுகிறதே, இரண்டு குப்பியின் மிச்சத்தைச் சேர்த்தால் இன்னொருவருக்குப் போடலாமே? கூடாது. இந்த மருந்தில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் எதுவும் இல்லை. ஒரு குப்பியில் கிருமி நுழைந்திருந்தால் அது அடுத்ததற்கும் தாவும். சலைன் கலந்த ஆறு மணி நேரத்துக்குப் பின் முழு டோஸே மிஞ்சியிருந்தாலும் கொட்டத்தான் வேண்டியிருந்தது. வெளியே வரிசை நின்றுகொண்டிருக்கும்போது அதைக் கொட்டியதும் ஃபார்மசிஸ்டுகளின் வேலைதான்.