ஒரு தீவு உட்கார்ந்தது, இன்னொன்று எழுந்தது

மங்காயா தீவின் கடற்கரையிலிருந்து உள்ளே நடந்தால், கொஞ்ச தூரத்திலேயே ஒரு பாறைச் சுவர் வழியை மறிக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் எல்லாம் பவளம். கடல் நீருக்குள் மட்டுமே வளரக்கூடிய பவளத் திட்டு, கடல் மட்டத்துக்குப் பத்திருபது ஆள் உயரம் மேலே, தீவைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல் காய்ந்து கிடக்கிறது. சில இடங்களில் உயரம் 60 மீட்டருக்கும் மேல். இதை யார் தூக்கி வைத்தது?

மங்காயா (மாங்காய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை) குக் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. நியூசிலாந்துக்கு வடகிழக்கே, தென் பசிபிக்கில் 15 தீவுகள். எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலம் சுமார் 240 சதுர கி.மீ. தான், ஆனால் அவை சிதறிக் கிடக்கும் கடற்பரப்பு கிட்டத்தட்ட 20 லட்சம் சதுர கி.மீ. தலைநகர் அவாருவா இருப்பது ரரோடோங்கா என்ற பெரிய தீவில். பெரிது என்றால் 67 சதுர கி.மீ. கரையோரச் சாலையில் 32 கி.மீ. போனால் கிளம்பிய இடத்துக்கே வந்துவிடலாம். அங்கே பேருந்துக்கு ஊர்ப் பெயர் கிடையாது. ‘கடிகாரச் சுற்று’, ‘எதிர்ச் சுற்று’, அவ்வளவுதான்.

பவளச் சுவர் விஷயத்தில் விந்தை என்னவென்றால், அது நடக்க வேண்டிய திசைக்கு நேர் எதிராக நடந்திருக்கிறது. எரிமலைத் தீவு பிறந்தபின் மெல்ல மெல்ல அமிழும். அதைச் சுற்றி வளரும் பவளம் வெளிச்சத்துக்காக மேலே மேலே கட்டிக்கொண்டு போகும். கடைசியில் மலை மூழ்கி, பவள வளையமும் நடுவில் காயலும் மட்டும் மிஞ்சும். இதை 1842-இல் டார்வின் விளக்கினார். குக் தீவுகளின் வடக்குக் கூட்டத்தில் மனிஹிகி, பெண்ரின் எல்லாம் இந்த வகை வளையங்கள்தாம். மங்காயாவோ சுமார் 1.8 கோடி வயதுக் கிழத் தீவு. நியாயப்படி அதுவும் எப்போதோ மூழ்கியிருக்க வேண்டும்.

காரணம் 200 கி.மீ. தள்ளி இருக்கிறது. அது ரரோடோங்கா.

ரரோடோங்காவுக்கு வயது சுமார் பத்து இருபது லட்சம் ஆண்டுகள்தான் இருக்கும். மங்காயாவோடு ஒப்பிட்டால் நேற்றுப் பிறந்த குழந்தை. ஆனால் கனத்த குழந்தை. நாம் பார்க்கும் 650 மீட்டர் சிகரம் நுனி மட்டுமே. கடல் அடியிலிருந்து அளந்தால் 4,500 மீட்டருக்கு மேல் நிற்கும் மலை அது. இவ்வளவு பாறையும் புவியியல் கணக்கில் சட்டென்று ஓரிடத்தில் குவிந்தது. கடலடிப் பாறைத் தட்டு அசையாத தரை அல்ல. அடியில் சூடாக, நெகிழ்ந்து கொடுக்கும் பாறை மேல் மிதக்கிற, ஓரளவு வளையக்கூடிய பலகை. தண்ணீர் நிரப்பிய மெத்தையில் ஒருவர் உட்கார்ந்தால் அவருக்குக் கீழே குழியும், சற்றுத் தள்ளி மெத்தை லேசாகப் புடைக்கும் அல்லவா? அதேதான். ரரோடோங்காவின் அடியில் தட்டு குழிந்தது; அதைச் சுற்றித் தொலைவில் வட்டமாக ஒரு மேடு எழும்பியது. குழியின் ஆழத்தோடு பார்த்தால் இந்த மேடு அற்பம். ஆனால் அந்த மேட்டின் மேல் ஏற்கெனவே தீவு இருந்தால், அதன் பவளத்தைத் தண்ணீருக்கு வெளியே கொண்டுவர அதுவே போதும். மங்காயா மட்டுமல்ல, ஆட்டியு, மவுக்கே, மிட்டியாரோ தீவுகளும் இப்படி எழுந்தவை. அங்கெல்லாம் சுவரின் உயரம் குறைவு. உள்ளூரில் இந்தப் பவளச் சுவருக்கு மகத்தேயா என்று பெயர். வெள்ளைக் கல் என்று பொருள்.

சரி, சுவர் வந்ததால் என்ன? மங்காயாவில் எல்லாமே அதனால்தான்.

விளிம்பு தூக்கிய தாம்பாளத்தின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் தீவு இருக்கும். நடுவில் பழைய எரிமலைக் குன்று. அதில் பெய்யும் மழை நாலாபுறமும் ஓடைகளாக இறங்கி, சுவரில் முட்டி நின்று, வண்டலைப் போட்டுவிட்டு, சுண்ணாம்புக் கல்லுக்குள் இருக்கும் பிலங்கள் வழியாகக் கடலுக்குப் போகும். குன்றின் மண்ணோ லட்சோப லட்சம் ஆண்டு மழையில் சத்தெல்லாம் கரைந்துபோன மண். காட்டை அழித்தால் பெரணிதான் முளைக்கும். ஆக, சோறு போடுவது சுவருக்கும் குன்றுக்கும் நடுவில் இருக்கும் ஈரச் சேற்று நிலம் மட்டுமே. அங்கேதான் பாத்தி கட்டி சேம்பு நட்டார்கள். நம் வீட்டுச் சேப்பங்கிழங்கின் அதே இனம்தான்.

நல்ல நிலம் கொஞ்சமாகவும் அது எங்கே என்று எல்லோருக்கும் தெரிந்ததாகவும் இருந்தால் என்ன நடக்கும்? சண்டை. தீவை ஆறு கூறுகளாக, குன்றின் உச்சியிலிருந்து கடல்வரை கேக் துண்டு போடுவதுபோல் பிரித்திருந்தார்கள். போரில் ஜெயித்தவன் சேம்பு நிலங்களைத் தன் ஆட்களுக்குப் பங்கு போட்டான். தோற்றவர்கள் மகத்தேயாவின் குகைகளில் ஒளிந்தார்கள். ரோங்கோ என்ற கடவுள் ஹவாயில் லோனோ என்ற பெயரில் விளைச்சலுக்கும் அமைதிக்கும் உரியவர். மங்காயாவில் அவரே போர்க் கடவுளும்கூட. அந்தக் காலத்தில் போர் முடிந்து அவருக்கு நரபலி கொடுத்த பிறகே சமாதான முரசு ஒலித்தது. நிலத்தின் அமைப்பு தெய்வத்தின் குணத்தையும் மாற்றிவிட்டது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் குக் 1777-இல் வந்தபோது மங்காயாவில் நங்கூரம் பாய்ச்ச இடமில்லாமல் ஆட்டியுவுக்குப் போனார். அவருடன் மொழிபெயர்ப்பாளராக வந்தவர் மாய், டஹீட்டிப் பக்கத்தவர். ஆட்டியுவில் தன் ஊர்ப் பக்கத்து ஆட்கள் சிலரை மாய் சந்தித்தார். பல ஆண்டுகளுக்கு முன் படகு திசைமாறி அங்கே ஒதுங்கியவர்கள். (ரரோடோங்காவை குக் கண்ணாலேயே பார்க்கவில்லை. அவர் பெயரை இத்தீவுகளுக்கு இட்டது பின்னாளில் ஒரு ரஷ்ய வரைபடம்.)

ஆட்டியுவின் பவளப் பாறைக்குள்ளும் குகைகள் உண்டு. அனதகிதகி என்ற குகையில் கோபேக்கா எனப்படும் சிறு உழவாரக் குருவிகள் கூடு கட்டுகின்றன. வெளியே பூச்சி பிடிக்கும்போது அவை சொடுக்கொலி எழுப்புவதில்லை. குகை இருட்டுக்குள் நுழைந்ததும் ‘டிக், டிக்’ என்று சொடுக்கி, எதிரொலியைக் கேட்டே வழி கண்டுபிடிக்கின்றன, நம் வௌவால்களைப் போல.