சதுப்பு நிலத்தைக் கல்லில் தேடுகிறீர்களா? காய்ந்த தடத்தைப் பாருங்கள்

படிவுப்பாறை அறிக்கைகளைச் சரிபார்க்கும்போது அடிக்கடி கண்ணில் படும் வரி இது: "சாம்பல் நிறக் களிக்கல், ஏரிப் படிவு." நிறத்தைப் பார்த்ததும் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். நானும் எழுதியவன்தான். வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேர் ஓடிய சுண்ணாம்புக்கல் ஒன்றை ஆழமான ஏரியின் அடித்தரை என்று எழுதிக் கொடுத்தேன். அந்தப் பக்கம் முழுக்கச் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

ஏரி வேறு, சதுப்பு வேறு. ஆழமான ஏரியின் அடியில் பெரும்பாலும் சேறு கலையாமல் மெல்லிய அடுக்குகளாகப் படியும். சதுப்பில் தண்ணீர் முழங்கால் அளவுதான். மழைக்கு நிறையும், கோடையில் வற்றும். செடி வேர்விடும், புழு குடையும், சேறு பாளம் பாளமாக வெடிக்கும். அடுக்கு எங்கே மிஞ்சும்? அதனால்தான் நனைந்ததற்கான அடையாளத்தைவிட, நடுநடுவே காய்ந்ததற்கான அடையாளத்தை முதலில் தேடச் சொல்கிறேன்.

இதற்கு மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் உள்ள லமேட்டா பாறைகள் நல்ல பாடம். தக்காண எரிமலைக் குழம்புக்குக் கீழே கிடக்கும், டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலமான கிரிட்டேஷியஸின் முடிவைச் சேர்ந்த படிவுகள். 1828இல் ஆங்கிலேயப் படை அதிகாரி கேப்டன் ஸ்லீமன் டைனோசர் எலும்பு எடுத்தது இங்கேதான். இங்குள்ள சுண்ணாம்புக்கல்லில் குழாய் குழாயாகத் தடங்கள் உண்டு. அவற்றை நண்டு வளை என்று கொண்டு, இது கடலோரப் படிவு என வாதிட்டவர்கள் இருந்தார்கள். பிறகு வந்தவர்கள் அதே கல்லில் வேர்த்தடத்தையும், மண்ணுக்குள் சுண்ணாம்பு திரண்டு கட்டியாகும் சுக்கான்கல்லையும், வற்றி வற்றி நிறைந்த சதுப்புத் தரையையும் கண்டார்கள். டைனோசர் முட்டைகளும் இந்தச் சுண்ணாம்புக்கல்லில் கிடைத்திருக்கின்றன. தண்ணீருக்கு அடியில் யார் முட்டையிடுவார்கள்!

வேரா, வளையா? வேர் கிளைவிடும், போகப்போக மெலியும். வளை பெரும்பாலும் ஒரே பருமனில் ஓடும். சில வளைகளில் உள்பூச்சு தெரியும். அப்புறம் கல்லை உடைத்து, புது முகத்தை ஹேண்ட் லென்ஸில் பாருங்கள். சுண்ணாம்புக் கட்டிகளைச் சுற்றி மயிரிழை போல வளைந்த விரிசல்கள் இருந்தால், அந்தச் சேறு பல முறை காய்ந்து சுருங்கியிருக்கிறது. மில்லிமீட்டருக்கும் சிறிதாக, திருகுவரி போட்ட உருண்டைகள் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அவை கேரா என்ற நீர்ப்பாசியின் விதையுறை போன்றவை. கடலை விட்டுத் தள்ளி வந்துவிட்டோம் என்பதற்கு நல்ல சாட்சி.

எனக்குப் பிடித்த சாட்சி நிறம்தான். ஆனால் மொத்தக் கல்லின் நிறம் அல்ல, வேரைச் சுற்றியுள்ள நிறம். நெல் வயல் சேற்றைப் பிட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சேறு கறுத்திருக்கும், வேரை ஒட்டி மட்டும் துருச் சிவப்பு. தண்ணீரில் மூழ்கிய மண்ணுக்குள் வேர் தன் வழியாகக் காற்றைக் கொண்டுபோகிறது. அங்கே இரும்பு துருவாகிறது. கல்லிலும் சாம்பல் களிக்கு நடுவே சிவந்த வேர்த்தடம் இருந்தால், அந்த மண் நீண்ட காலம் ஊறிக் கிடந்தது என்று சொல்லலாம். இதையே திருப்பிப் போட்டு, சிவந்த மண்ணில் வேரை ஒட்டி மட்டும் வெளிறிய சாம்பல் கண்டால் அவசரப்படாதீர்கள். மேலே சில நாள் நீர் தேங்கி, அழுகிய வேர் அங்கிருந்த இரும்பைக் கரைத்ததாக இருக்கலாம். புதைந்த பிறகு நிறம் மாறுவதும் உண்டு. ஆகவே நிறத்தோடு விரிசலும் வேரும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துத்தான் எழுதுவேன்.

நிலக்கரி இருந்தால் வேலை சுலபம்; பெரும்பாலும் சதுப்பில் மக்காமல் சேர்ந்த தாவரம்தான் அது. கோண்ட்வானா என்ற பழைய பெருங்கண்டத்தின் நிலக்கரிப் படுகைகளில் வெர்டிபிரேரியா என்ற வேர்ப் புதைபடிவம் கிடைக்கும். குளோசாப்டெரிஸ் என்ற, இன்று அழிந்துபோன மரத்தின் வேர் அது. குறுக்கே வெட்டினால் உள்ளே காற்றறைகள். நெல் வேர் செய்யும் அதே உபாயம், 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பே.

புதிதாகச் சாலைக்கோ கிணற்றுக்கோ வெட்டிய முகம் கண்டால், அளவுகோல் வைத்துப் படமெடுத்த பிறகு சுத்தியலைத் தொடுங்கள். வேர் எந்தப் பக்கம் மெலிகிறது என்பது உடைத்தெடுத்த துண்டில் தெரியாது.