மனிதப் புதைகுழியைத் தோண்ட உத்தரவிடுவது யார்? காணாமற்போனோரின் உறவினர் அறிய வேண்டியவை

யாழ்ப்பாணத்துச் செம்மணி சிந்துபாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில் தகன மேடை கட்ட மண் வெட்டியபோதுதான் எலும்புகள் வெளிப்பட்டன. முல்லைத்தீவு மாவட்டக் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூனில் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய இடம். மன்னாரில் 2018இல் சதொச என்ற அரச விற்பனை நிலையத்தின் கட்டட வேலை. மூன்றில் ஒன்றைக்கூட அரசு தேடிப் போய்க் கண்டுபிடிக்கவில்லை. அதனால் எலும்பு தென்படும் முதல் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பது சாதாரண மக்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். எலும்பையோ துணியையோ கையால் எடுக்க வேண்டாம். எது எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்பதே பின்னர் சாட்சியாகும். விஷயம் நீதவானிடம் போகும். அகழ்வுக்கு உத்தரவிடும் அதிகாரம் அவருக்கே உண்டு. சட்ட வைத்திய அதிகாரியும் தொல்லியல் நிபுணர்களும் அந்த உத்தரவின் கீழ்தான் வேலை செய்கிறார்கள். மனிதப் புதைகுழிகளுக்கென இலங்கையில் தனிச் சட்டம் இல்லை. ஒரு தனி மரணத்தை விசாரிக்க வைத்திருக்கும் நடைமுறையைத்தான் செம்மணியில் 200க்கு மேற்பட்ட என்புத் தொகுதிகளுக்கும் பயன்படுத்துகிறார்கள். இது போதவே போதாது.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம். சந்தேகத்துக்குரிய இடத்தைத் தோண்டும்படி அது நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். அகழ்வில் பார்வையாளராகவும் நிற்கலாம். உறவினர்தான் முறையிட வேண்டும் என்றில்லை. வேறு எவரும் முறையிடலாம். இரகசியமாகச் சொன்ன தகவலைத் தகவல் அறியும் சட்டத்தைக் காட்டியும் யாரும் கேட்டு வாங்க முடியாது. யாழ்ப்பாணம், மன்னார், கிளிநொச்சி, மட்டக்களப்பு, மாத்தறையில் கிளைகள் திறந்தார்கள்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள்: இந்த அலுவலகத்தின் முடிவால் எவர்மீதும் குற்றப் பொறுப்பு வராது. குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் உரிய அதிகாரிகளுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். வீதியோரம் வருடக்கணக்கில் போராடும், காணாமற்போனோரின் தாய்மார் பலர் இந்த அலுவலகத்தை நிராகரித்துச் சர்வதேச விசாரணை கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே உறவினருக்கு முக்கியமான இடம் நீதிமன்றம். செம்மணி வழக்கில் குடும்பங்களுக்காகச் சட்டத்தரணிகள் முன்னிலையாகிறார்கள். அந்தப் புதைகுழியில் ஒரு பிள்ளையின் எலும்புகளோடு நீலப் பாடசாலைப் பையும் பொம்மையும் கிடந்தன. நீதிமன்ற உத்தரவுப்படி 2025 ஓகஸ்ட் 5ஆம் திகதி, மீட்ட பொருட்களை மக்கள் அடையாளம் காணக் காட்சிக்கு வைத்தார்கள். எலும்புகளின் காலக் கணிப்பிலும் விழிப்பாக இருக்க வேண்டும். மன்னார் எலும்பு மாதிரிகள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டுக்குரியவை என்று அமெரிக்க ஆய்வகம் 2019இல் அறிக்கை தந்தது. குடும்பங்கள் அதை ஏற்கவில்லை. எத்தனை மாதிரி, எந்த இடத்திலிருந்து எடுத்தது என்று சட்டத்தரணி ஊடாகக் கேளுங்கள்.

காணாமற்போனவரைக் கடைசியாகக் கண்ட அன்று அவர் உடுத்திருந்த உடுப்பு, பழைய எலும்பு முறிவு, பிடுங்கிய பல், உயரம், கையில் கொண்டுபோன சாமான் எல்லாவற்றையும், நினைவுள்ள மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதி, திகதியிட்டு, ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.