ஆப்பிள் சைடர்: பாட்டிலை மூடும் முன் ஹைட்ரோமீட்டரைப் பாருங்கள்

இங்கிலாந்தில் உணவு நுண்ணுயிரியல் துறையில் வேலை செய்கிறேன். ஆப்பிள் பருவம் வந்தால், முதல்முறையாக வீட்டில் சைடர் (ஆப்பிள் சாற்றை நொதிக்கவைத்த மது) போடும் நம்மவர்கள் என்னிடம் கேட்பது, "மெத்தனால் உண்டாகிவிடுமா?" என்றுதான். 2024-இல் கள்ளக்குறிச்சியில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும். அங்கே ஆட்களைக் கொன்றது சாராயத்தில் கலந்த மெத்தனால். ஆப்பிள் சாறு நொதிக்கும்போது பழத்திலுள்ள பெக்டின் என்ற நார்ப்பொருளிலிருந்து உண்டாவது மிகச் சொற்பம், கேடு செய்யாது. காய்ச்சி வடிக்க மட்டும் இறங்கிவிடாதீர்கள். உரிமம் இல்லாமல் அது இங்கே குற்றம். தமிழ்நாட்டிலோ சைடர் போடுவதே குற்றம்.

என் கவலையெல்லாம் பாட்டிலைப் பற்றித்தான். சாற்றில் லிட்டருக்கு 100 கிராம் அளவில் சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதில் ஏறக்குறையப் பாதியை ஆல்கஹாலாகவும் மீதியைக் கரியமில வாயுவாகவும் மாற்றும். வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத ஏர்லாக் மூடி வழியாக அது வெளியேறும்வரை ஆபத்தில்லை. குமிழி நின்றதும் வேலை முடிந்தது என்று கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி இறுக மூடுகிறார்களே, அங்கேதான் விபரீதம். அறை குளிர்ந்தாலே குமிழி நின்றுவிடும், சர்க்கரை அப்படியே கிடக்கும். சைடர் நன்றாக நுரைக்க லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை போதும். திரவத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் (தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை குறையக் குறைய எண் இறங்கும்) 1.010 காட்டும்போதே மூடினால் அதைப்போல மூன்று நான்கு மடங்கு உள்ளே அடைபடுகிறது. அப்புறம் வீடு சூடானதும் பாட்டில் வெடித்தால், கண்ணாடிச் சில்லு கண்ணையே பறித்துவிடும்.

தயவுசெய்து ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்குங்கள், விலை அதிகமில்லை. அளவு 1.000 அல்லது அதற்குக் கீழே இறங்கி, மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் மாறாமல் இருந்தால் நிரப்பலாம். முதல்முறைக்கு சோடா வந்த பிளாஸ்டிக் பாட்டிலே நல்லது. அமுக்கிப் பார்த்தால் அழுத்தம் கைக்குத் தெரியும். கல் போல் இறுகிவிட்டால் ஃப்ரிட்ஜில் வைத்து, நன்றாகக் குளிர்ந்தபின் மூடியை மெல்லத் தளர்த்துங்கள். ஒயின் பாட்டில், ஜாம் பாட்டில் வேண்டவே வேண்டாம்.

சாறு பாஸ்சுரைஸ் செய்ததாக, அதாவது கிருமி சாகச் சூடாக்கியதாக இருக்கட்டும். 1996-இல் அமெரிக்காவில், அப்படிச் செய்யாத ஆப்பிள் சாற்றால் ஈ.கோலை தொற்று பரவி ஒரு குழந்தை இறந்தது. கெடாமலிருக்கப் பொட்டாசியம் சார்பேட் என்ற பொருள் சேர்த்த சாற்றில் ஈஸ்ட் சரியாக வளராது, லேபிளைப் பாருங்கள்.

பாத்திரத்திலும் கவனம் வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் டெவன் பகுதியில் சைடர் குடித்தவர்களைக் கடும் வயிற்றுவலி வாட்டியது. சைடர் ஆலைகளில் இருந்த காரீயம்தான் காரணம் என்று 1767-இல் ஜார்ஜ் பேக்கர் என்ற மருத்துவர் காட்டினார். ஆப்பிளின் புளிப்பு உலோகத்தை அரிக்கும். ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளை அண்டாவும் செம்புக் குடமும் இதற்கு உதவாது. கண்ணாடி ஜாடியோ உணவுக்கான பிளாஸ்டிக் வாளியோ போதும்.