காணி பார்க்க மாரியில் வாருங்கள்

காணி பார்க்க வருபவர்கள் பெரும்பாலும் ஆடி, ஆவணியில்தான் வருகிறார்கள். வெளிநாட்டுச் சொந்தங்கள் விடுமுறையில் வந்து நிற்கும் காலமும் அதுதான். கச்சான் வீசித் தரை வெடித்துக் கிடக்கும் அந்த நாட்களில் திருகோணமலையின் எந்தக் காணியும் மேட்டுக்காணியாகவே தெரியும். எங்கள் மழையின் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் கொட்டித் தீர்க்கிறது. முற்பணம் கொடுத்தவர்கள் பிறகுதான் என்னைத் தேடுகிறார்கள்.

புதிய குடியிருப்புகளுக்கு நிலத் திட்டமும் பசுமை அமைப்பும் செய்வது என் தொழில். வாசல் வளைவும் புற்றரையும் போடுபவன் என்றே பலரும் நினைக்கிறார்கள். அதனால் எல்லாம் முடிந்த பிறகே அழைப்பு வரும். சில ஆண்டுகளுக்கு முன் நிலாவெளிப் பக்கம் ஐந்து ஏக்கர் காணி ஒன்றுக்கு அப்படித்தான் போனேன். கிரவல் கொட்டி, பாதை போட்டு, எல்லைக்கல்லும் நாட்டியிருந்தார்கள். நில அளவையாளரின் பிளானில் நீள அகலம் ஓர் அங்குலம் பிசகவில்லை. மேடு பள்ளம்தான் அதில் இல்லை. யாரும் கேட்கவில்லை, அவரும் வரையவில்லை. பக்கத்தில் மாடு மேய்த்த முதியவர் தடியை நீட்டி, மாரித் தண்ணீர் களப்புக்குப் போகும் வழியைக் காட்டினார். தடி போன திசையில், தண்ணீர் தேங்கும் இடத்தில் வளரும் சம்புப்புல் காய்ந்து கோடாக நின்றது. விற்கப் பிரித்த துண்டுகளில் பதினான்கு அந்தக் கோட்டின்மேல் இருந்தன. பாதையின் குறுக்கே ஒரு மதகுகூட இல்லை. அந்த மாரியில் தண்ணீர் பின்னாலிருந்த பழைய குடிமனைகளுக்குள் புகுந்தது. புதுப் பாதையை வெட்டித்தான் வடியவிட்டோம்.

பாலையூற்று, ஆண்டான்குளம், ஆலங்கேணி, பட்டித்திடல் என்று ஊற்றையும் குளத்தையும் கேணியையும் திடலையும் பெயரிலேயே வைத்திருக்கும் மாவட்டம் இது. நாம் வைக்கும் பெயர்களோ 'கார்டன்', 'சிட்டி'.

கிணற்றுக் கணக்கு இன்னும் மோசம். ஆறு பேர்ச் துண்டு என்பது 1,633 சதுர அடி. ஏறத்தாழ 30 அடிக்கு 54 அடி. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் 50 அடியாவது விடச் சொல்வது வழக்கம். வீட்டையும் கட்டிவிட்டு அந்த 50 அடியை எங்கே தேடுவது? உங்கள் வளவில் விட்டாலும் பக்கத்து வீட்டுக் குழி உங்கள் கிணற்றடியில் இருக்கும். கரையோர மணலில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கிறது. நன்னீர் மட்டம் ஓரடி இறங்கினால் உவர்நீர் எல்லை ஏறத்தாழ 40 அடி மேலேறும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. இந்த மண்ணில் ஆவணி வெயிலில் கிணற்றை இறைத்துப் புற்றரை வளர்ப்பவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் தண்ணீர் கேட்காமலே மணலைப் பிடித்து நிற்கும். அவற்றைத்தான் டோசர் முதலில் வழிக்கிறது.

ஒரு ஹெக்டேயரை மிஞ்சிய காணியைப் பிரித்தால், பாதை போக நூற்றுக்குப் பத்துப் பங்கைப் பொதுவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் விதி. நடைமுறையில் விற்க முடியாத கோணல் மூலைதான் அதற்குக் கிடைக்கிறது. நான் தண்ணீர் போகும் வழியையே அதற்குக் கேட்பேன். ஆழமில்லாத அகலமான புல்வாய்க்கால், கரையில் மருதும் நாவலும். கோடையில் பிள்ளைகள் விளையாடலாம், மாரியில் தண்ணீர் தன் வழியே போகும். இரண்டு மூன்று துண்டுகள் குறையும். அங்கேதான் பேச்சு முறியும்.

மதிலைப் பற்றியும் ஒரு வார்த்தை: அடியில் துவாரம் விடாத மதில் ஓர் அணைக்கட்டு.

சென்ற மாதம் ஒருவர் சாம்பல்தீவுப் பக்கம் பத்துப் பேர்ச்சுக்கு முற்பணம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். மேடு பள்ளம் காட்டும் மட்டக்கோடுகள் போட்ட வரைபடம் கேளுங்கள், கார்த்திகையில் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றேன். அதற்குள் விலை ஏறிவிடும் என்று விற்பவர் அவசரப்படுத்துகிறாராம்.