பூட்டிய வீட்டுக் காரும் துருப்பிடித்த சைலன்சர் நட்டும்

"மழையே அரிதான ஊரு. கடலும் பக்கத்துல இல்ல. கொட்டகைக்குள்ள நிக்கிற காருக்கு எப்படித் தம்பி இவ்வளவு துரு?" செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி கேட்டார்கள். முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடு. வாட்ச்மேன் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் அம்பாசிடரை ஸ்டார்ட் செய்து அணைத்துவிடுவார்.

துரு அங்கேதான் பிறக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். புகைக்குழாய் முழுதாகச் சூடேறுமுன் இன்ஜினை நிறுத்தினால் அந்த ஆவி உள்ளேயே குளிர்ந்து தங்கும். இணைப்பை அடைக்கிற பாக்கிங் லேசாக விட்டிருந்தால், நட்டு ஏறும் மறைக்கம்பியான ஸ்டட் வரை கசியும். சூட்டில் முலாம் போன இரும்புக்கு அதுவே போதும்.

அந்தக் காரில், இன்ஜினிலிருந்து புகையைக் கீழே இறக்கும் டவுன் பைப்பின் இணைப்பு புகை விட்டுக்கொண்டிருந்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள்தான். என் பட்டறைப் பையன் துருப்பிடித்த நட்டைக் கழற்ற அவசரப்பட்டு ஸ்பேனரில் பைப்பைச் செருகி இழுத்தான், ஸ்டட் முறிந்தது. இன்ஜினோடு சேர்ந்த புகைக் கூடான மேனிபோல்டையே இறக்கி, ஸ்டட்டின் நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன டிரில் பிட்டில் தொடங்கித் துளைபோட்டு எடுக்க அரை நாள் ஆயிற்று. அவனை அவசரப்படுத்தியது நான். தப்பு என்னுடையது.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் இந்த வேலைக்கு இரண்டு நாள் கேட்கிறோம். முதல் நாள் வயர் பிரஷ் போட்டு மறையை, அதாவது திருகு வரிகளை, தேய்த்து, துரு இளக்கும் எண்ணெயை விட்டு, மாலையில் இன்னொரு முறை விட்டு அப்படியே வைத்துவிடுவோம். மறுநாள் ஆறு பட்டை சாக்கெட். முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு துளி அசைத்துப் பார்ப்பேன். துரு 'டிக்' என்று விட்டால் கால் சுற்று கழற்றி, மறுபடி இறுக்கி, எண்ணெய் விட்டு, இன்னும் கொஞ்சம் கழற்றுவேன். அளவிலும் கவனம் வேண்டும். பழைய 1489 சிசி அம்பாசிடரில் பல நட்டுகள் அங்குல அளவு. அரை அங்குலம் என்றால் 12.7 மி.மீ. கையில் கிடைத்த 13 மி.மீ. சாக்கெட்டைப் போட்டால் அந்த 0.3 மி.மீ. இடைவெளியிலேயே நட்டின் முனை மழுங்கிவிடும்.

அதற்கும் மசியாவிட்டால்தான் கேஸ் வெல்டிங் தீ. நட்டை மட்டும் சூடாக்க வேண்டும், ஸ்டட்டை அல்ல. நட்டு விரிந்தால்தான் மறை பிடி விடும். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்காதீர்கள், வார்ப்பு இரும்பு மேனிபோல்ட் விரிசல் விடும். இந்த இன்ஜினில் கார்புரேட்டரும் எக்ஸாஸ்ட் மேனிபோல்டும் ஒரே பக்கம். நீங்கள் தீ காட்டும் இடத்துக்கு நேர் மேலே பெட்ரோல் இருக்கிறது. ஊறவைத்த எண்ணெயும் தீப்பிடிக்கும். வீட்டில் தானே பழுது பார்க்க ஆசைப்படுகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன், எண்ணெய் வரை நீங்கள் செய்யுங்கள், தீயைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. செங்கல் அடுக்கும் வழக்கம் இங்கே இன்னும் இருக்கிறது. செங்கல் சொல்லாமல் பிளக்கும். இரும்பு ஸ்டாண்ட் இரண்டு வாங்குங்கள். மல்லாந்து படுத்துத் துருவைத் தட்டும்போது அது நேரே கண்ணில்தான் விழும், கண்ணாடி போடுங்கள்.

'புகைதானே, கல்யாணம் முடியட்டும்' என்று பலர் தள்ளிப்போடுகிறார்கள். கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தரைத் தகட்டில் ஓட்டை விழுந்த பழைய காரில் அது நேராகப் பின் சீட்டுக்கு வரும், அங்கே குழந்தைகள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். கதவு சாத்திய கொட்டகைக்குள் இன்ஜினை ஓடவிடுவதும் இதே ஆபத்துதான்.

ஆச்சி வண்டிக்குப் புது ஸ்டட், பித்தளை நட்டு, மறையில் செம்பு கிரீஸ் போட்டுக் கொடுத்தேன். பித்தளை இரும்போடு சேர்ந்து துருப்பிடித்து இறுகாது. வாட்ச்மேனிடமும் ஒன்று சொல்லிவிட்டு வந்தேன்: "அண்ணே, சும்மா ஸ்டார்ட் பண்ணி அணைக்காதீங்க. டிரைவரை வரச்சொல்லி, மாசம் ஒரு தடவை காரைக்குடி வரைக்கும் ஓட்டிட்டு வரச் சொல்லுங்க."