ஒரே தடத்தில் ஓடும் சக்கரம்: புல்வெட்டி ரோபோ தரையை ஏன் கிழிக்கிறது?

ஜெர்மனி, ஸ்வீடன் போன்ற நாடுகளின் புறநகர் வீடுகளில் ஏப்ரல் தொடங்கி அக்டோபர் வரை ஒரு சின்ன வண்டி அதிகச் சத்தமில்லாமல் புல்தரையில் ஊர்ந்துகொண்டிருக்கும். பார்க்க ஆமை மாதிரி இருக்கும். பேட்டரி குறைந்தால் தானே திரும்பிப் போய் சார்ஜ் ஏற்றிக்கொள்ளும், ஏறியதும் மறுபடி கிளம்பிவிடும். வாங்கிய சில மாதங்களில் வீட்டுக்காரர் அதை மறந்தே போயிருப்பார். ஒருநாள் இரவோடு இரவாக மென்பொருள் அப்டேட் ஒன்று இறங்குகிறது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் புல்தரையின் ஓரமெல்லாம் பிறை பிறையாகப் பழுப்புத் தழும்புகள். சார்ஜ் ஏறும் இடத்துக்கு முன்னால் இரண்டு சேற்றுக்கோடுகள். அதுவரை ஒழுங்காக ஓடிய வண்டி, ரோஜாப் பாத்திக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு நிற்கிறது.

சக்கரமும் பிளேடும் மாறவில்லை. சில வரி நிரல்தான் மாறியிருக்கிறது. அது எப்படி மண்ணில் காயமாக விழுகிறது என்று பார்க்க, இந்த வண்டி தான் இருக்கும் இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் தலைமுறை வண்டிகளுக்கு இடம் தெரியாது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் 1995இல் சூரிய ஒளியில் ஓடும் புல்வெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்த காலத்து ஏற்பாடு இது: புல்தரையைச் சுற்றி மெல்லிய வயர் ஒன்றைப் பதிப்பார்கள். அதில் ஓடும் சிறு மின்துடிப்பு, வயரைச் சுற்றிக் காந்தப்புலத்தை உண்டாக்கும். வண்டியில் இருக்கும் கம்பிச்சுருள் அதை உணரும். வயருக்கு உள்ளே இருக்கும்போது புலம் ஒரு திசையில் இருக்கும், தாண்டினால் தலைகீழாகிவிடும். தாண்டிவிட்டோம் என்று தெரிந்ததும் வண்டி நின்று, ஏதோ ஒரு கோணத்தில் திரும்பி, வேறு பக்கம் போகும். அவ்வளவுதான். போகிற போக்கில் போய்க்கொண்டே இருந்தால், சில நாளில் தரை முழுக்க வெட்டுப்பட்டுவிடும்.

பார்ப்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரிந்தது. நேர்கோட்டில் வெட்டினால் பாதி நேரத்தில் முடியுமே என்று எல்லோரும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கிறுக்கு நடையில் ஒரு பெரிய நன்மை ஒளிந்திருந்தது. சக்கரம் ஒரே இடத்தில் அடுத்தடுத்து விழுவது அபூர்வம். தேய்மானம் தரை முழுவதும் பரவிவிடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது வரும் வண்டிகள் பலவற்றுக்கு வயர் கிடையாது. அவை செயற்கைக்கோளைப் பார்த்து ஓடுகின்றன. கைபேசியில் உள்ள சாதாரண ஜிபிஎஸ் இதற்குப் போதாது. செயற்கைக்கோள் சுமார் 20,200 கி.மீ. உயரத்திலிருந்து அனுப்பும் குறியீடு எப்போது வந்து சேர்ந்தது என்பதை வைத்து அது தூரத்தைக் கணக்கிடுகிறது. நேரக்கணக்கில் ஒரு நானோநொடி பிசகினாலே 30 செ.மீ. தள்ளிப்போகும். வளிமண்டலத்தில் ஏற்படும் தாமதமும் சேர்ந்தால் பிழை சில மீட்டரைத் தொடும். சில மீட்டர் என்றால் பக்கத்து வீட்டுக் காய்கறித் தோட்டம்.

அதனால் நில அளவைக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தும் ஆர்டிகே என்ற முறையை இந்த வண்டிகளில் வைத்தார்கள். குறியீட்டை விட்டுவிட்டு, அதைச் சுமந்துவரும் ரேடியோ அலையையே இது அளக்கிறது. ஜிபிஎஸ் அலை ஒன்றின் நீளம் ஏறக்குறைய 19 செ.மீ. அந்த அலை எந்தக் கட்டத்தில் வந்து சேர்ந்தது என்பதைச் சில மி.மீ. துல்லியத்தில் சொல்லிவிடலாம். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. எண்கள் அழிந்துபோன தையல்காரர் டேப் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சின்னக் கோடுகள் பளிச்சென்று தெரிகின்றன, ஆனால் நாம் நிற்பது எத்தனையாவது அடியில் என்று தெரியவில்லை. அதுபோலத்தான் செயற்கைக்கோளுக்கும் வண்டிக்கும் நடுவே மொத்தம் எத்தனை முழு அலைகள் என்பது தெரியாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் வீட்டுச் சுவரிலோ கம்பத்திலோ இன்னொரு ஆன்டெனாவை நட்டு வைக்கிறார்கள். அது அசையாது. இரண்டும் ஒரே செயற்கைக்கோள்களைப் பார்ப்பதால், இரண்டுக்கும் பொதுவான பிழைகளைக் கழித்துவிட்டு அலைகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கலாம். எண்ணிக்கை உறுதியானால் வண்டி தன் இடத்தை 1 அல்லது 2 செ.மீ.க்குள் சொல்லும். உறுதியாகாவிட்டால் பிழை பத்து செ.மீ. கணக்கில், சில நேரம் அதற்கு மேலும் போகும்.

எப்போது உறுதியாகாது? மரத்தடியில், இலைகள் சிக்னலை விழுங்கிவிடும். வீட்டுச் சுவரை ஒட்டிப் போகும்போது பாதி வானம் மறைந்துவிடும். கண்ணாடி ஜன்னலிலும் தகரக் கூரையிலும் பட்டுத் தெறித்து வரும் அலை, நேராக வந்த அலையோடு கலந்து கணக்கைக் குழப்பும். சூரியனும் குழப்பும். 2024 மே 10, 11 தேதிகளில் வீசிய காந்தப்புயலில், வளிமண்டலத்தின் மேலே மின்னேற்றம் பெற்ற அடுக்கான அயனி மண்டலம் கொந்தளித்து, அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் ஆர்டிகேயை நம்பி விதைத்துக்கொண்டிருந்த டிராக்டர்கள் பல தடுமாறின. மக்காச்சோளம் விதைக்கும் நேரம் அது. சிலர் வேலையை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்கள்.

சிக்னல் குழம்பும் நேரங்களில் வண்டி மற்ற சென்சார்களைக் கேட்கிறது. சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, திரும்பும் அளவை உணரும் ஜைரோ எவ்வளவு திரும்பியதாகச் சொல்கிறது, கேமராவோ லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரோ இருந்தால் எதிரில் என்ன தெரிகிறது என்று எல்லாவற்றையும் சேர்த்து ஒரு முடிவுக்கு வரும். இதற்கான வழக்கமான கணித முறை, 1960இல் ருடால்ஃப் கால்மன் என்ற பொறியாளர் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்தது. அப்பல்லோ விண்கலங்களுக்கு வழிகாட்டியதும் இதே முறைதான். அதன் சாரம் ரொம்ப எளிமையானது: ஒவ்வொரு சென்சாரும் ஒரு சாட்சி, யாரை எவ்வளவு நம்புவது என்பதற்கு ஓர் எடை உண்டு. வானம் திறந்திருந்தால் செயற்கைக்கோளை நம்பு. மரத்தடிக்குப் போனால் சக்கரத்தை நம்பு. இந்த எடைகளை நிரலில் எழுதிவைப்பவர் மனிதர். அப்டேட்டில் மாறக்கூடியவற்றில் இந்த எடைகளும் உண்டு.

சக்கரம் எப்போதும் உண்மை சொல்லும் சாட்சி கிடையாது. ஈரத்தரையில் அது வழுக்கும். இருபது செ.மீ. அளவுக்குச் சுற்றியிருக்கும், வண்டி பதினைந்துதான் நகர்ந்திருக்கும். ஒரு பக்கச் சக்கரம் மட்டும் வழுக்கினால் வண்டி தான் திரும்பிவிட்டதாக எண்ணிக்கொள்ளும். ஒற்றை ஆன்டெனா உள்ள வண்டிக்கு நின்ற இடத்தில் தன் முகம் எந்தப் பக்கம் என்று செயற்கைக்கோள் சொல்லாது. கொஞ்சம் நகர்ந்தால்தான் திசை தெரியும். ஆகவே அது முன்னால் போய்ப் பார்க்கும், பின்னால் வரும், கொஞ்சம் திரும்பும், மறுபடி முன்னால் போகும். ஒவ்வொரு அசைவிலும் சக்கரம் புல்லைத் தேய்க்கிறது. தேய்ந்த இடத்தில் மண் வெளியே வருகிறது. வெறும் மண் நனைந்தால் இன்னும் வழுக்கும். வழுக்கினால் கணக்கு இன்னும் பிசகும், பிசகினால் திருத்தம் இன்னும் கூடும். பூச்செடி ஓரத்திலும் மரத்தடியிலும் சேற்றுக்குழிகள் உருவாவது பெரும்பாலும் இந்தச் சுழலில்தான். இரண்டு மூன்று மழைநாள் போதும்.

புல்லின் பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும். புல்லின் இலை நுனியில் வளர்வதில்லை, அடியில் வளர்கிறது. வளரும் குருத்து மண்ணோடு ஒட்டி இருக்கிறது. மாடு மேய்ந்தாலும் கத்தி சீவினாலும் புல் மறுபடி நீள்வது அதனால்தான். சவர பிளேடு மாதிரியான சின்னக் கத்திகளை வைத்து, ஒரு நடைக்குச் சில மி.மீ. மட்டும் சீவும் ரோபோ புல்லுக்கு நல்லதுதான் செய்கிறது. புல்லால் தாங்க முடியாதது குருத்தின் மேல் விழும் அடி. 10 முதல் 20 கிலோ எடையுள்ள வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும்போது சக்கரம் உருள்வதில்லை, முறுக்குகிறது. ஒரு பக்கச் சக்கரம் நிற்க, மற்றது சுற்றி வந்தால், நிற்கும் சக்கரத்துக்கு அடியில் உள்ள புல், பீடித்துண்டைச் செருப்பால் நசுக்குவதைப் போல அரைபடும். பிடிப்புக்காகப் பல் வைத்த டயர் என்றால் கேட்கவே வேண்டாம்.

புல்லின் வகையும் முக்கியம். ‘ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி’ என்று மணமக்களை வாழ்த்துகிறோமே, அந்த அருகம்புல்தான் வெப்பமான நாடுகளின் விளையாட்டுத் திடல்களில் பெர்முடா புல் என்ற பெயரில் பச்சைப்பசேல் என்று கிடக்கிறது. மண்ணுக்கு மேலே ஓடும் தண்டு, மண்ணுக்குள் ஓடும் தண்டு என்று இரண்டும் அதற்கு உண்டு. ஓரிடம் கிழிந்தால் பக்கத்திலிருந்து ஓடிவந்து மூடிவிடும். வட ஐரோப்பாவின் குளிருக்கு ஏற்ற ரைகிராஸ் அப்படி இல்லை. அது மிதியைத் தாங்கும், ஆனால் கொத்துக் கொத்தாக வளர்வது. ஒரு கொத்து செத்தால் அந்த இடம் மொட்டையாகவே கிடக்கும், விதை போட்டால்தான் உண்டு.

முன்னே சொன்ன கிறுக்கு நடைக்கு இப்போது வருவோம். ஆர்டிகே வண்டி கோடு போட்டு ஓடுகிறது. வெட்டும் அகலம் 20 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 10 மீட்டர் அகலத் தரைக்கு 50 கோடுகள், ஏறக்குறைய அத்தனை திருப்பங்கள். எல்லாத் திருப்பமும் இரண்டு ஓரங்களில்தான் விழும். அதற்குப் பிறகு எல்லையை ஒட்டி ஒரு சுற்று வேறு. வாரத்துக்கு மூன்று முறை ஓடினால் ஒரு பருவத்தில் எல்லைச்சுற்று மட்டும் 90 தடவை. பிழை 2 செ.மீ.க்குள் என்பதால் 90 தடவையும் சக்கரம் ஒரே தடத்தில் இறங்குகிறது. மாட்டுவண்டித்தடம் எப்படி உருவாகுமோ அப்படித்தான். மண் இறுகுகிறது, காற்றுக்கு இடமில்லாமல் வேர் திணறுகிறது. துல்லியம் என்று நாம் காசு கொடுத்து வாங்கியதுதான் தரையைத் தேய்க்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுவது இதுதான், விளம்பரங்களில் இதைப் பற்றிப் பேச்சே இருப்பதில்லை.

இவ்வளவும் தெரிந்தால் அப்டேட்டின் வேலை விளங்கிவிடும். இதற்குமுன் மூன்று நகர்வில் வளைந்து திரும்பிய வண்டியை, நேரமும் பேட்டரியும் மிச்சமாகும் என்று நின்ற இடத்தில் திரும்பச் செய்திருப்பார்கள். ஓரத்தில் வெட்டாமல் விடும் இடைவெளியைக் குறைத்திருப்பார்கள். சிக்னல் எவ்வளவு மோசமானால் நிற்க வேண்டும் என்ற வரம்பைத் தளர்த்தியிருப்பார்கள். அடிக்கடி நிற்கிறது என்று வாடிக்கையாளர்கள் புகார் சொன்னதால் செய்த மாற்றமாகவும் அது இருக்கலாம். ஒவ்வொன்றும் காய்ந்த, சமமான சோதனைத் திடலில் சரியாகவே ஓடியிருக்கும். நிழலும் சரிவும் களிமண்ணும் உள்ள ஒரு வீட்டுத் தரையில் அதே மாற்றம் வேறு மாதிரி நடக்கும். சரிவில் 10 டிகிரி சாய்ந்தாலே, 40 செ.மீ. உயரத்தில் உள்ள ஆன்டெனா 7 செ.மீ. பக்கவாட்டில் நகர்கிறது. அதைக் கழிக்கும் கணக்கில் சின்னத் தவறு வந்தாலும் வண்டி ஓரம் தாண்டிவிடும்.

வரைபடமே நகர்வதும் உண்டு. வண்டியின் வரைபடம் கம்பத்தில் நட்ட ஆன்டெனாவை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. கம்பம் பத்து செ.மீ. சாய்ந்தால் முழுத் தோட்டமும் பத்து செ.மீ. தள்ளிப்போகும். சில வண்டிகள் கம்பத்தை விட்டுவிட்டு இணையம் வழியே திருத்தங்களைப் பெறுகின்றன. அங்கே இன்னொரு கண்ணி இருக்கிறது. ஐரோப்பிய நில அளவைத் துறைகளின் ஆயத்தொலைவு முறை, 1989ஆம் ஆண்டு நிலையில் கண்டத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டது, கண்டம் நகர்ந்தால் அதுவும் கூடவே நகரும். உலக அளவிலான முறையில் பார்த்தால் ஐரோப்பா ஆண்டுக்குச் சுமார் 2.5 செ.மீ. வடகிழக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. இத்தனை ஆண்டுகள் சேர்ந்து இப்போது இரண்டு முறைகளுக்கும் இடையே 80 செ.மீ.க்கு மேல் இடைவெளி. பழைய வரைபடத்தை ஒரு முறையில் வைத்துக்கொண்டு திருத்தங்களை மற்ற முறையில் வாங்கினால், வண்டி ரோஜாப் பாத்திக்குள் போவது நிச்சயம். கண்டம் நகர்வதை ஒரு புல்வெட்டி காட்டிக்கொடுக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

கைபேசியில் அப்டேட் சொதப்பினால் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இங்கே அடிபடுவது உயிருள்ள ஒன்று, பழைய பதிப்பை ஏற்றினாலும் குருத்து திரும்ப முளைக்காது. ஆகவே திரும்பும் விதம், ஓர இடைவெளி, சிக்னல் வரம்பு, இந்த மூன்றில் எதைத் தொட்டாலும் தயாரிப்பாளர்கள் அதை வெளிப்படையாக எழுத வேண்டும். ‘செயல்திறன் மேம்பாடு’ என்ற ஒற்றை வரி போதாது. பழைய பதிப்புக்குப் போகும் வழியும் கொடுக்க வேண்டும். இதைக் கேட்பது வாங்கியவரின் உரிமை.

அதுவரை நம் கையில் இருப்பது: அப்டேட் இறங்கும் முன் செயலியில் உள்ள அமைப்புகளைப் படம் எடுத்து வைப்பது, இறங்கியபின் முதல் இரண்டு ஓட்டத்தைக் கூடவே நின்று பார்ப்பது. கோட்டின் கோணத்தை ஒவ்வொரு முறையும் மாற்றும் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். எல்லைச்சுற்றை வாரத்துக்கு ஒன்றாகக் குறையுங்கள். மழைக்குப் பிறகு தரை காயும்வரை வண்டி வெளியே வர வேண்டாம். சார்ஜ் ஏறும் இடத்துக்கு முன்னால் புல்லுக்குப் பதில், ஓட்டை வைத்த கான்கிரீட் கற்களைத் தரைமட்டத்துக்குப் பதித்துவிடலாம்.

ஏற்கெனவே கிழிந்த இடத்தைத் தோட்ட வேலைக்கான முள்கரண்டியால் குத்தி மண்ணை இளக்கி, வெயில் தணிந்த ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ விதையுங்கள். ரைகிராஸ் என்றால் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். இன்னொரு குளிர்நாட்டுப் புல்லான கென்டக்கி புளூகிராஸ் என்றால் இரண்டிலிருந்து நான்கு வாரம் பொறுக்க வேண்டும். முளைத்ததும் வண்டியை விட்டுவிடாதீர்கள். வேர் பிடிக்கும்வரை அந்த இடத்தைச் செயலியில் தடைப்பகுதியாகக் குறித்து வையுங்கள், தடையின் ஓரத்தை விதைத்த இடத்திலிருந்து அரை மீட்டராவது தள்ளிப் போடுங்கள். வண்டி அந்த ஓரத்தில்தான் வந்து திரும்பும்.